தறியைச் சுற்றி எழும் வீடு: காஞ்சிபுரத்து நெசவாளர் இல்லங்களின் கட்டுமானம்

காஞ்சிபுரத்தில் பட்டு நெசவை நம்பி வாழும் குடும்பம் புதிதாக வீடு கட்டத் தொடங்கும்போது, அது ஒரு குடியிருப்பையும் ஒரு தொழிற்கூடத்தையும் சேர்த்தே கட்டுகிறது. படுக்கையறை ஓரடி குறைந்தாலும் அதில் படுத்துறங்கலாம். ஆனால் தறி நிற்கும் கூடத்தின் உயரமோ அகலமோ ஓரடி குறைந்தால், அக்கூடத்தில் எவ்வகைச் சேலை நெய்யலாம், எவ்வகைச் சேலை நெய்ய இயலாது என்பது சுவர் எழும்பும்போதே முடிவாகிவிடுகிறது. பழைய நெசவாளர் தெருக்களில் தறியின் அளவைக் கணக்கிட்ட பின்னரே சுவருக்குக் கயிறு பிடித்தார்கள். இன்று மாடி வீட்டின் வரைபடம் முதலில் வருகிறது; மிஞ்சிய இடத்தில் தறி நுழைகிறது. இந்த வரிசை மாறியதால் நேர்ந்த இழப்பு பெரிது, அது போதிய அளவு பேசப்படவும் இல்லை.

நெசவாளர் குடியிருப்பு இந்நகரின் அமைப்பிலேயே ஊறிய ஒன்று. பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட உத்தம சோழனின் செப்பேடுகள், இப்போது சென்னை அருங்காட்சியகத்தில் இருப்பவை, கச்சிப்பேடு என அன்று வழங்கிய இந்நகரில் பட்டசாலியர் எனப்பட்ட நெசவாளர் வாழ்ந்த நான்கு குடியிருப்புகளைக் குறிப்பிடுகின்றன. ஊரகம் எனப்படும் உலகளந்த பெருமாள் கோயிலின் கணக்கையும் பொருளையும் பேணும் பொறுப்பில் அம்மக்களுக்குப் பங்கிருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் தறியிறை என்ற வரியும் வருகிறது. தறி ஒவ்வொன்றையும் எண்ணி வரி தண்டிய காலத்தில், வீட்டுக்குள் தறி நின்ற இடம் அரசின் கணக்கிலும் ஏறிய இடமாக இருந்திருக்கிறது.

பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் இன்னும் எஞ்சியுள்ள பழைய வீடுகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்த மனைகளில், பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு, தெருவை நோக்கித் திண்ணையுடன் அமைந்தவை. திண்ணையைக் கடந்தால் நடை, அதன்பின் கூடம், வானம் தெரியும் முற்றம், அடுக்களை, கொல்லை என்று வீடு பின்னோக்கி ஓடும். இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் இருப்பதால் பக்கவாட்டில் சன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சம் தெருப்பக்கத்திலிருந்தும் முற்றத்திலிருந்தும் மட்டுமே வரமுடியும். ஆகவே தறி அவ்விரண்டில் ஒன்றன் அருகே நிற்கும். நீண்ட மனையின் வடிவம் தறிக்கு இசைவானதே, ஏனெனில் தறிக்கு வேண்டியது நீளம்: நெசவாளர் அமரும் இடத்திலிருந்து பாவு எதிர்ச் சுவர் வரை விறைப்பாகச் செல்லவேண்டும். பாவு என்பது சேலையின் நீளவாக்கில் ஓடும் இழைகளின் தொகுதி. அதற்குக் குறுக்கே நாடா வழியாகச் செல்வது ஊடை.

கட்டுமானம் தொடங்கவேண்டிய இடம் தறிக்குழி. காஞ்சிபுரத்து மரபுத் தறி குழித்தறியாகும். நெசவாளர் குழியின் விளிம்பில் பலகையிட்டு அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, உள்ளே இருக்கும் மிதிகளை மாறிமாறி அழுத்துகிறார். பாவு அவருடைய இடுப்பு மட்டத்தில், தரையை ஒட்டி நீள்கிறது. இந்த அமைப்புக்குக் காரணம் ஈரம். பட்டு காற்றிலுள்ள ஈரத்தை விரும்பி ஏற்கும் இழை. இயல்பான காற்றில் அது தன் உலர் எடையில் ஏறத்தாழ 11 விழுக்காடு நீரைத் தாங்கி நிற்கும். மண்ணுக்கு அருகே ஓடும் இழை அந்த ஈரத்தை இழக்காமல், சித்திரை வைகாசி வெயிலிலும் முறுகிப் போகாமல், அறுபடாமல் இருக்கிறது. மண் தரையும் சாணம் மெழுகிய கூடமும் செய்துவந்த இவ்வேலையை டைல்ஸ் பதித்த தரையும் காங்கிரீட் தளமும் செய்வதில்லை.

ஆனால் குழியைக் காக்கும் அதே மண்தான் ஐப்பசி கார்த்திகையில் அதற்குப் பகையாகிறது. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஆண்டுகளில், 2015இல் நிகழ்ந்ததுபோல், தெருவில் தேங்கும் நீர் வாசல் வழியாக மட்டுமன்றி நிலத்தடியிலிருந்தும் குழிக்குள் ஊறி ஏறும். நீர் வடிந்த பின்னும் குழி காய நாட்கள் ஆகும். மரச்சட்டங்கள் உப்பிக் கோணும். தறியில் பாதி நெய்த சேலை கறைபடும். அந்நாட்களுக்குக் கூலி இல்லை. சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே மறுபடியும் மறுபடியும் தார் போட்டதால், தெரு உயர்ந்து வீடு தாழ்ந்துபோன இடங்களில் சாதாரண மழைக்கே இந்த நிலை ஏற்படுகிறது. புதிதாகக் கட்டுவோருக்கு இதற்கு நேரான தீர்வு உண்டு. தறிக்குழியின் ஆழம் இரண்டரை அடி எனக் கொண்டால், வீட்டின் தரைமட்டத்தைத் தெருவிலிருந்து மூன்றடி உயர்த்திக் கட்டவேண்டும். அப்போது குழியின் அடிப்பரப்பே தெருவுக்கு மேலே நிற்கும், குழித்தறியின் நன்மையும் போகாது. குழியின் சுவர்களைச் செங்கல்லால் கட்டி, உட்புறம் நீர் கசியாத பூச்சு பூசி, அடியில் மட்டும் மணலும் மண்ணும் விட்டுவைத்தால் ஈரம் அளவோடு வரும். தறியின் கால்களை மண்ணில் நேரே புதைக்காமல் கருங்கல்லின்மேல் நிறுத்தினால் கரையான் ஏறுவது குறையும். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புத் தொட்டியை இக்குழியிலிருந்து இயன்றவரை தள்ளி, கொல்லைப்புறமாக அமைப்பது நல்லது. இடம் குறுகிய மனைகளில் இரண்டும் அருகருகே அமைந்து, சேகரித்த நீர் தறிக்குழிக்கே திரும்பும் அவலம் நேரக்கூடும்.

அகலத்தைத் தீர்மானிப்பது கோர்வை. சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருக்கும்போது, ஒவ்வோர் ஊடையையும் கரையின் ஓரத்தில் உடல் ஊடையோடு பின்னிப் பூட்டும் முறைக்குக் கோர்வை என்று பெயர். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளர் ஒருவரால் மூன்றையும் ஓட்ட இயலாததால், உதவியாளர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து ஒரு கரையின் நாடாவை வீசி வாங்குவார். சேலையின் அகலம் ஏறத்தாழ நான்கடியே என்றாலும், தறியின் சட்டங்கள், அவற்றுக்கு அப்பால் உதவியாளர் அமரும் இடம், நெசவாளர் இறங்கி ஏறும் வழி ஆகியவற்றைக் கூட்டினால் ஒரு தறிக்கே எட்டு ஒன்பது அடி அகலம் தேவைப்படுகிறது. ஏழடி அகலத்தில் அறையைக் கட்டிவிட்டு அதில் தறியை நிறுத்துபவர், உதவியாளர் தேவைப்படாத எளிய சேலைக்கு மாறுவதைத் தவிர வேறு வழியில்லை. காஞ்சிபுரத்துக்குப் புகழ் தந்த நெசவு முறை, ஒரு சுவர் தவறான இடத்தில் எழுந்ததாலேயே ஒரு வீட்டிலிருந்து மறைந்துபோகலாம்.

உயரத்தைக் கேட்பது ஜக்கார்டு பெட்டி. பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மேரி ஜக்கார்டு 1804இல் உருவாக்கிய இந்தக் கருவியில், துளையிட்ட அட்டைகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டுச் சுழலும். அட்டையில் துளை உள்ள இடத்தில் கொக்கி மேலெழுந்து அதற்குரிய பாவு இழைகளைத் தூக்கும், துளை இல்லாத இடத்தில் இழை கீழேயே கிடக்கும். மயிலும் அன்னமும் கோபுரமும் சேலையில் விழுவது இப்படித்தான். பெட்டி தறிக்கு நேர்மேலே நிற்க, அதிலிருந்து நூற்றுக்கணக்கான கயிறுகள் விரிந்திறங்கிப் பாவின் முழு அகலத்தையும் பற்றுகின்றன. பெட்டி போதிய உயரத்தில் இருந்தால் ஓரத்துக் கயிறுகளும் ஏறக்குறைய நேராகத் தொங்கும். கூரை தாழ்ந்து பெட்டியும் தாழ்ந்தால், ஓரக் கயிறுகள் சாய்ந்து உராய்ந்து விரைவில் தேய்வதோடு, நடு இழைகளும் ஓர இழைகளும் ஒரே அளவில் எழாமல் நெசவு பிசகும். ஆகவே தறிக்கூடத்தின் உயரம் பன்னிரண்டு அடிக்குக் குறையாமல் இருப்பது விரும்பத்தக்கது. குடியிருப்பு வீடுகளில் இன்று வழக்கமான பத்தடி உயரம், கூடத்துக்கு நடுவே விட்டம் இறங்கும்போது இன்னும் குறைகிறது.

இதே கருவி தோன்றிய லியோனில் கட்டடக் கலையே அதற்கேற்ப மாறியது. அந்நகரின் குருவா ரூஸ் குன்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெசவாளர்களுக்காக எழுந்த அடுக்குமாடிகள் ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரமுள்ள அறைகளோடும் நீண்ட சன்னல்களோடும் கட்டப்பட்டன. தறிக்கு அந்த முழு உயரத்தையும் கொடுத்துவிட்டு, அறையின் ஒரு மூலையில் மரத்தால் பரண் அமைத்து அதில் குடும்பம் உறங்கியது. ஜப்பானின் கியோத்தோ நகரத்து நிஷிஜின் பகுதியிலும் குறுகி நீண்ட மனைகளின் பின்பகுதியில், மண் தரையும் உயர்ந்த கூரையும் கொண்ட தறிக்கூடங்களை அமைத்தார்கள். மூன்று நாட்டு நெசவாளர்களும் ஏறத்தாழ ஒரே விடைக்கு வந்திருப்பது, தறியின் தேவை எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டுகிறது. காஞ்சிபுரத்தில் கட்டுவோர் லியோனின் பரணை நன்றாகவே எடுத்தாளலாம்: வீட்டின் பின்பாதியை இரண்டு தாழ்ந்த தளங்களாகவும், முன்பாதியில் தறி நிற்கும் பகுதியை ஒரே உயர்ந்த தளமாகவும் அமைத்தால், செலவு பெரிதாக ஏறாமல் இரண்டு தேவையும் நிறைவேறும்.

வெளிச்சம் பற்றியும் சொல்லவேண்டும். அரக்குக்கும் குங்குமச் சிவப்புக்கும் உள்ள வேறுபாட்டையும், ஜரிகை இழை ஒன்று புரண்டு கிடப்பதையும் கண்டுகொள்ள நல்ல வெளிச்சம் வேண்டும். ஆனால் நேர் வெயில் பட்டின்மேல் விழுந்தால் சாயம் வெளுக்கும். வடக்கு நோக்கிய உயரமான சன்னல் இதற்கு ஏற்றது. மின்விளக்கு நெசவாளரின் தலைக்குப் பின்னால் இருந்தால் அவர் நிழலே சேலையில் விழும் என்பதால், அது சற்று முன்னால், பாவுக்கு மேலே தொங்கவேண்டும். கூரைக்குச் சுண்ணாம்புச் சுர்க்கி போட்டுத் தட்டோடு பதிப்பது, காங்கிரீட் கூரையின் வெப்பம் கூடத்தில் இறங்குவதைப் பெருமளவு தடுக்கும். அதற்கு ஆகும் செலவைச் சேமிக்க நினைப்பவர் கோடை மதியங்களை இழக்கிறார்.

பெரும்பாலான வரைபடங்களில் மறந்துபோகும் ஒருவர் உண்டு. தார் சுற்றுபவர். நாடாவுக்குள் வைக்கும் சிறு குச்சியில் ஊடை நூலைச் சுற்றுவதே தார் சுற்றுதல். அதைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே, ராட்டையை அடுக்களை வாசலிலோ நடையிலோ வைத்துக்கொண்டு செய்கிறார்கள். மெல்லிய பட்டு இழையை விரலிடுக்கில் விட்டு, அதில் முடிச்சும் பிசிறும் வருகிறதா என்று தொட்டுணர்ந்தபடியே சக்கரத்தைச் சுழற்றும் இவ்வேலைக்கும் கண்ணும் வெளிச்சமும் வேண்டும். முதுகைச் சாய்க்க ஒரு சுவரும் வேண்டும். அவர்கள் இல்லாமல் தறி அரை நாள்கூட ஓடாது. அப்படியிருக்க, தறிக்கு ஒதுக்கிய சன்னலின் அடியிலேயே ஆறடி இடத்தை அவர்களுக்கென ஒதுக்காத தறிக்கூடத்தை முழுமையான தறிக்கூடம் என்று சொல்வதற்கில்லை.

தொழிற்கூடம் வீட்டின் வாசலோடு முடிவதில்லை. மூன்று சேலைக்குரிய பாவு பதினெட்டு மீட்டருக்கு மேல் நீளமுடையது. எந்த வீட்டிலும் அதை முழுதாக விரிக்க இயலாது. ஆகவே வெயில் ஏறுவதற்கு முன் விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கு அதை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, சிக்கெடுத்து, இழைகளை ஒழுங்குபடுத்துவது வழக்கம். நெசவாளர் தெருக்கள் நேராகவும் போதிய அகலத்துடனும் இருந்தது இதற்கு வாய்ப்பாயிற்று. இரு சக்கர வாகனங்களை உள்ளே ஏற்றத் திண்ணையை இடித்துச் சறுக்குப்பாதை கட்டிய வீடுகளும், இரவெல்லாம் தெருவோரம் நிற்கும் கார்களும் இப்போது பாவுக்கான நீளத்தை விழுங்கிவிட்டன. வீட்டுக்குள் வண்டி நிறுத்த இடம் விடுவோர் அதைக் கொல்லைப்புறத்தில் தேடாமல், நடையையே சற்று அகலமாக்கி ஒரு பக்கமாக விட்டால், தறிக்கூடமும் திண்ணையும் தப்பும். பல குடும்பங்கள் சேர்ந்து பாவு விரிக்கப் பொது இடம் ஒன்றைப் பெறுவது அதைவிடச் சிறந்தது. புதிய மனைப்பிரிவுகள் வகுக்கும்போதே இதற்கு நிலம் ஒதுக்கப்படவேண்டும்.

இடம் தேர்ந்தெடுப்பதில் காஞ்சிபுரத்துக்கே உரிய ஒரு கட்டுப்பாடும் உண்டு. கைலாசநாதர் கோயில், வைகுண்டப் பெருமாள் கோயில் போன்றவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 2010இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பக்கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை உரிய அனுமதி பெற்றே கட்டலாம். பிள்ளையார்பாளையத்தை ஒட்டி மனை வாங்குவோர் கடைக்கால் தோண்டுவதற்கு முன் இத்தொலைவை அளந்து பார்ப்பது நல்லது.

பணத்தைப் பொறுத்தவரை, நெசவாளருக்குத் தறிக்கூடத்துடன் வீடு அமைத்துத் தரும் மத்திய அரசின் திட்டம் 1985–86இலேயே தொடங்கியது. இப்போது தேசியக் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தின்கீழ் தனி நெசவாளரின் தறிக்கூடத்துக்கு 1.20 லட்சம் ரூபாய் என்ற அளவில் மதிப்பீடு உள்ளது. கைத்தறி நெசவாளருக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் விலையில்லா மின்சாரம் 2023இல் இரு மாதங்களுக்கு 200 யூனிட்டிலிருந்து 300 யூனிட்டாக உயர்ந்தது. விளக்குக்கும் விசிறிக்கும் அது பெரிய துணை. ஆனால் கட்டுமானத் தொகை, இன்றைய சிமென்ட், கம்பி, கூலி விலையில், மூன்றடி உயர்ந்த தரைமட்டமும் பன்னிரண்டடிக் கூரையும் கொண்ட கூடத்துக்குப் போதாது. குடும்பம் கடன் வாங்கி மிச்சத்தை இடவேண்டியிருக்கிறது, அல்லது கூரையைத் தாழ்த்தவேண்டியிருக்கிறது. தொகையை உயர்த்த இயலாவிட்டாலும், குழித்தறிக்குரிய அளவுகளைக் குறித்த மாதிரி வரைபடங்களைக் கூட்டுறவுச் சங்கங்களின் வழியே தமிழில் அச்சிட்டு வழங்கினால், மேஸ்திரி கயிறு பிடிக்கும் நாளிலேயே அவை வீட்டாரின் கையில் இருக்கும்.