கேப்பர் மொட்டும் அதன் உப்பும்

மத்தியதரைக் கடலோரத்தின் பாறை இடுக்குகளிலும் இடிந்த மதில்களிலும் வேர்பிடித்து வளரும் முட்புதரான கேப்பர் செடியின் மலராத மொட்டுகள், உப்பிலோ காடியிலோ ஊறவைக்கப்பட்டு, உணவுக்குச் சுவைகூட்டும் பொருளாக விற்கப்படுகின்றன. இத்தாலியின் பாந்தெல்லேரியா என்னும் எரிமலைத் தீவில் விளையும் மொட்டுக்கு 1996-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. மருந்தாக இதற்குள்ள வரலாறோ மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடிஸ் மண்ணீரல் நோய்க்கு இதைக் குறித்துவைத்தார். யுனானி மருத்துவம் வேர்ப்பட்டையைக் கல்லீரல், மண்ணீரல் கோளாறுகளுக்கு இன்றும் பயன்படுத்துகிறது. உணவாவது மொட்டு, பழைய மருத்துவர்கள் பெரிதும் நாடியது வேர்ப்பட்டை என்பதால், ஒன்றின் குணத்தை மற்றொன்றின் மேல் ஏற்றிச் சொல்வது பொருந்தாது.

மொட்டின் புகழுக்கு அடிப்படை, தாவரங்கள் தம்மைக் காத்துக்கொள்ள உருவாக்கும் ஃபிளாவனாய்டு என்னும் வேதிப்பொருள் வகையைச் சேர்ந்த குர்செடின் ஆகும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் தரவுப்படி, 100 கிராம் பச்சை மொட்டில் ஏறத்தாழ 234 மில்லிகிராமும், பதப்படுத்திய மொட்டில் ஏறத்தாழ 173 மில்லிகிராமும் குர்செடின் உள்ளது. இப்பொருளுக்குப் பெயர்பெற்ற சிவப்பு வெங்காயத்தில்கூட 30 முதல் 40 மில்லிகிராம் அளவே உண்டு. மொட்டில் இதன் பெரும்பகுதி, சர்க்கரை மூலக்கூறுகளோடு பிணைந்த ரூட்டின் என்னும் வடிவில் இருந்து, ஊறும்போது ஓரளவு பிரிகிறது. உப்பிட்ட மொட்டின் மேல் தெரியும் வெண்புள்ளிகள் படிகமான ரூட்டினே அன்றிப் பூஞ்சை அல்ல. கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறும் காரத்தைத் தரும் ஐசோதயோசயனேட் வகைச் சேர்மங்களே, கடுகுக்கு உறவான இச்செடியின் மொட்டுக்கும் அதன் உறைப்பைத் தருகின்றன.

எதிர் ஆக்சிஜனேற்றி என்பது, கொழுப்பு முதலியவற்றை ஆக்சிஜன் சிதைக்கும் தொடர்வினையை இடையில் தடுத்து நிறுத்தும் பொருளைக் குறிக்கும். சோதனைக் குழாயில் இவ்வேலையைச் செய்யும் எண்ணற்ற பொருள்கள், குடலில் சிறிதளவே உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் உருமாறிவிடுவதால், உடலுக்குள் அதே வேகத்தைக் காட்டுவதில்லை. குர்செடினும் இதற்கு விலக்கன்று. இந்தத் தடையைத் தாண்டாமலேயே பயன் கிடைக்கக்கூடிய ஓர் இடத்தை, சிசிலியின் பலெர்மோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் சுட்டினர். சமைத்த சிவப்பு இறைச்சியைச் செயற்கை இரைப்பைச் சாற்றில் இட்டபோது அதன் கொழுப்பு விரைந்து ஆக்சிஜனேற்றம் அடைந்ததையும், கேப்பர் சாறு சேர்த்தபோது அது தடைப்பட்டதையும் அவர்கள் கண்டனர். இறைச்சியோடும் மீனோடும் கேப்பரைச் சேர்க்கும் தீவுச் சமையலுக்கு இது நல்ல நியாயம்தான், எனினும் ஆய்வு நடந்தது குடுவையில்.

மனிதரிடம் நடந்த சோதனைகள் சிலவே. ஈரானில் 2013-இல் வெளியான ஒன்றில், இரண்டாம் வகை நீரிழிவு உடைய 54 பேரில் ஒரு பாதியினர், கேப்பர் பழச்சாரத்தை 400 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை இரண்டு மாதம் உட்கொண்டனர். அவர்களுடைய வெறும்வயிற்றுச் சர்க்கரையும், சில மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவும் குறைந்தன. இங்கும் சோதிக்கப்பட்டது பழமே, மொட்டு அன்று. சிறிய, குறுகிய கால ஆய்வு என்பதால் மாத்திரைக்கு மாற்றாக இதைக் கருத இடமில்லை.

புட்டி மொட்டில் 100 கிராமுக்கு 2 கிராமுக்கும் மேல் சோடியம் உள்ளது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. ஒரு மேசைக்கரண்டி, அதாவது 8 அல்லது 9 கிராம், சுமார் 15 மில்லிகிராம் குர்செடினோடு 200 மில்லிகிராம் சோடியத்தையும் தந்துவிடும். குர்செடினுக்காகக் கரண்டி கரண்டியாக உண்பவருக்கு முதலில் வந்து சேர்வது உப்பே. குருதி அழுத்தம் உள்ளவர்கள் மொட்டை நீரில் நன்கு ஊறவைத்து அலசியே சேர்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் வற்றலாக்கி வறுத்து உண்ணும் ஆதொண்டங்காய், கேப்பரின் பேரினத்தையே சேர்ந்த வேறோர் இனத்தின் காய். உறவு நெருக்கமானதே என்றாலும், மேற்கண்ட எண்களும் முடிவுகளும் அதற்குரியவை அல்ல.