மூஞ்சூறு எலியன்று

கூரிய மூக்கையுடைய சிறு பிராணியொன்றை வரப்பிலோ தோட்டத்திலோ காணும் கமக்காரர் பலர், அதனை எலியெனக் கருதிக் கொன்றுவிடுகின்றனர். மூஞ்சூறு எலியினத்தைச் சேர்ந்ததன்று. எலி நெல்லையும் கிழங்கையும் கொறித்து அழிக்கும். மூஞ்சூற்றின் முக்கிய உணவோ பூச்சிகளும் புழுக்களுமாம்.

இரண்டையும் பிரித்தறிதல் எளிது. எலியின் வாயில் மேலும் கீழும் உளிபோன்ற முன்பற்கள் இவ்விரண்டு உண்டு. அவற்றின் பின்னே பல்லில்லாத இடைவெளியிருக்கும். மூஞ்சூற்றின் பற்கள் கூரியனவாய் அவ்வாறான அகன்ற இடைவெளியின்றி அமைந்துள்ளன. அதன் மூக்கு வாயைக் கடந்து நீண்டிருக்கும். கண்கள் மிகச் சிறியன. அதன் முன்னங்காலில் நகமுள்ள விரல்கள் ஐந்து. எலிக்கு நன்கு வளர்ந்த விரல்கள் நான்கே.

வீட்டு மூஞ்சூற்றை யாவரும் அறிவர். காட்டிலேயே வாழும் இனங்களும் இலங்கையில் உள. சிங்கராஜக் காட்டு மூஞ்சூறு அவற்றுள் ஒன்று. அது தனியினமென 2007ஆம் ஆண்டிலேயே விஞ்ஞானிகளால் விவரிக்கப்பட்டது. இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்து மழைக்காடுகளே அதன் உறைவிடம். பிற நாடுகளில் அது இல்லை.

மரநிழலில் உதிர்ந்த இலைகள் மட்கி ஈரமாய்க் கிடக்கும் தரையிலேயே அது இரை தேடுகின்றது. சிற்றுடல் வெப்பத்தை விரைவில் இழப்பதால், மூஞ்சூறு அடிக்கடி உண்ணல் வேண்டும். காடு வெட்டப்படின் வெயில் பட்டுச் சருகு காயும். சருகு காயின் பூச்சியும் புழுவும் அருகும். இரையற்ற மூஞ்சூற்றுக்குப் புகலிடம் வேறில்லை.

ஆகவே, காட்டையடுத்துப் பயிரிடுவோர் கவனிக்கவேண்டியன:

1. எலிநஞ்சைக் காட்டோரத்தில் திறந்தவெளியில் வைத்தலாகாது. எலி வசிக்கும் வளையினுள் இட்டு, வாயை மண்ணால் மூடுக.

2. வரப்புகளிலுள்ள களைகளை அகற்றுக. எலிகள் மறைந்து பெருகுதல் இதனாற் குறையும்.

3. காட்டோரச் சருகை எரித்தலும் வாரியெடுத்தலும் ஆகா. ஓடைக்கரை மரங்களை வெட்டாது விடுக.

4. பொறியில் அகப்பட்ட பிராணி மூஞ்சூறாயின் வெளியே விட்டுவிடுக. எலிக்காய்ச்சற் கிருமி மூஞ்சூற்றிடமும் இருத்தல் கூடுமாதலால், வெறுங்கையால் தொடலாகாது.

வீட்டு மூஞ்சூறு சமையலறையுட் புகுந்து உணவை அசுத்தப்படுத்துவதுண்டு. உணவுப் பாத்திரங்களை மூடிவைத்தல் அதற்குப் போதிய பரிகாரமாகும். காட்டு மூஞ்சூற்றாலோ பயிருக்கு யாதொரு கேடுமில்லை. அதனைக் கொல்வதால் கமக்காரருக்கு ஒரு நெல்மணியேனும் மிஞ்சப்போவதில்லை.