நான்காக மடித்த நோட்டு

சென்ற மாதம் ஒரு காலை, உழவர் சந்தை வாசலில் ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று கிடந்தது. கீரைக்கட்டுகளிலிருந்து சொட்டிய தண்ணீரில் பாதி நனைந்திருந்தது. மடித்து மடித்து மடிப்பு ஓரங்கள் நைந்துபோன நோட்டு; நான்காக மடித்திருந்தது. ஒரு மூலையில் மஞ்சள் கறை. என் கால் நின்றுவிட்டது, கை இன்னும் நீளவில்லை. எடுப்பதா, விடுவதா? எடுத்தால் யாரிடம் கொடுப்பது? யாராவது பார்க்கிறார்களா? இத்தனையும் ஒரு மூச்சு இழுத்து விடும் நேரத்துக்குள்.

அந்த ஒரு மூச்சைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தெருவில் கிடக்கும் காசு சின்ன விஷயம்தான். ஆனால் கண், மூளை, ஊர் வழக்கம், சட்டம் என நான்கும் அந்தச் சின்ன இடத்தில் வந்து கூடுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போனபோது எல்லாமே ஒரே இடத்தில் வந்து நின்றதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

கண்ணில் படுவதே அதிசயம்

காசு கிடந்தால் யார் கண்ணுக்கும் தப்பாது என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் மேற்கு வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். வளாகத்தின் நடைபாதைக்குக் குறுக்கே நீண்டிருந்த ஒரு மரக்கிளையில் டாலர் நோட்டுகளை மாட்டிவைத்தார்கள். செல்போனில் மூழ்கியபடி வந்தவர்கள் கிளையில் மோதாமல் விலகிப் போனார்கள். ஆனால் அதில் பணம் தொங்கியது அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியவே இல்லை.

கண் வழியே வந்த செய்தி உடம்பை வளைக்கப் போதுமானதாக இருந்தது. ‘இது பணம்’ என்று மனத்துக்குச் சொல்ல அது போதவில்லை. ஒரு பொருளை உணர்ந்து பார்க்க, கண் திறந்திருந்தால் மட்டும் போதாது. கவனமும் ஓய்வாக இருக்க வேண்டும்.

பார்த்தவுடன் நெஞ்சில் ஒரு துள்ளல் வருகிறதே, அதற்கும் காரணம் உண்டு. வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் சுரக்கும் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் அந்தச் செல்கள் சடசடவெனத் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகோ, சாறு வரும்போது அந்தத் துடிப்பு இல்லை; விளக்கு எரியும்போதே வந்துவிட்டது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியைத்தான் அந்தச் செல்கள் அளக்கின்றன என்று 1997இல் ஷூல்ட்ஸும் சக ஆய்வாளர்களும் விளக்கினார்கள். மாதம் பிறந்தால் வந்துசேரும் சம்பளம் தராத துள்ளலைத் தரையில் மின்னும் பத்து ரூபாய் நாணயம் தருவது இதனால்தான் என்று நினைக்கிறேன். அந்தத் துள்ளல் பேராசை ஆகாது. வியப்பு வந்ததற்கான அடையாளம், அவ்வளவே. அதற்காக யாரும் கூச வேண்டியதில்லை.

எடுக்கக் கூடாத காசு

துள்ளல் எழுந்தாலும் கை உடனே நீள்வதில்லை. நம் ஊரில் தெருக்காசுக்குப் பல கதைகள் உண்டு. முச்சந்தியில் உடைந்த பூசணிக்காய்க்குள் குங்குமம் அப்பிக் கிடப்பது திருஷ்டி கழித்த காசு. சவ ஊர்வலம் போன வழியில் பொரியோடும் பூவோடும் சிதறிக் கிடப்பது இறந்தவருக்காக இறைத்த காசு. ‘தொடாதே’ என்று பிள்ளைகளின் கையைத் தட்டிவிடும் பாட்டிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

நகரத்தில் காவல்துறை தரும் வேறொரு எச்சரிக்கை இருக்கிறது. வங்கியிலிருந்து பையோடு வெளியே வருபவர் அருகில் சில பத்து ரூபாய் நோட்டுகளைப் போட்டுவிட்டு, ‘சார், உங்க பணம் கீழே விழுந்திருக்கு’ என்பார்கள். அவர் குனியும் நேரத்தில் பை போய்விடும். கவனத்தைத் திசைதிருப்பிக் கொள்ளையடிப்பவர்களின் பழைய உத்தி இது.

பாட்டியின் அச்சமும் காவல்துறையின் எச்சரிக்கையும் வேறு வேறு உலகங்கள். இரண்டும் கேட்பது மட்டும் ஒரே கேள்வி: இந்தக் காசை இங்கே போட்டது யார், ஏன்? காசைப் பார்த்த இடத்தில் ஒரு மனிதரைத் தேடச் சொல்கின்றன. அறிவியலும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்ந்தது.

பதினேழாயிரம் பர்ஸுகள்

அலெய்ன் கோன், மிஷேல் மாரெஷால், டேவிட் டானன்பாம், கிறிஸ்டியன் ஸுண்ட் என்ற நால்வர் 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 40 நாடுகள், 355 நகரங்கள், 17,303 பர்ஸுகள். இந்தியாவில் சோதித்த நகரங்களில் நம் கோயம்புத்தூரும் ஒன்று. ஆய்வுக் குழுவைச் சேர்ந்த ஒருவர் வங்கி, அஞ்சலகம், ஓட்டல், திரையரங்கு போன்ற இடங்களுக்குப் போவார். ‘தெருவில் கிடந்தது, எனக்கு அவசரம், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அங்கே முகப்பில் இருப்பவரிடம் ஒரு பர்ஸைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். உள்ளே இருப்பது வெளியே தெரியும் பர்ஸ். அதில் மின்னஞ்சல் முகவரியோடு விசிட்டிங் கார்டு மூன்று, உள்ளூர் மொழியில் எழுதிய மளிகைச் சீட்டு, ஒரு சாவி. சில பர்ஸுகளில் பணம் இருந்தது, ஏறத்தாழ 13 டாலர் மதிப்புக்கு. சிலவற்றில் இல்லை.

பணம் இருந்தால் திரும்பி வராது என்றுதான் யாருக்கும் தோன்றும். முடிவு என்னவாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் பொருளாதார அறிஞர்களிடமும் பொதுமக்களிடமும் கேட்டார்கள். அவர்களின் கணிப்பும் தவறிப்போனது. பணமில்லாத பர்ஸைப் பெற்றவர்களில் 40 சதவீதம் பேர் உரியவரைத் தொடர்புகொண்டார்கள். பணமிருந்த பர்ஸைப் பெற்றவர்களில் 51 சதவீதம் பேர். 40 நாடுகளில் 38இல் பணமிருந்த பர்ஸே கூடுதலாகத் திரும்பியது. அமெரிக்கா, பிரிட்டன், போலந்து ஆகிய மூன்று நாடுகளில் தொகையை 94 டாலராக உயர்த்தியும் பார்த்தார்கள். அங்கே பணமே இல்லாதபோது 46 சதவீதம், சிறு தொகைக்கு 61, பெருந்தொகைக்கு 72 என்று ஏறிக்கொண்டே போனது.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகத் தோன்றுவது அந்தச் சாவி. சாவியால் கண்டெடுத்தவருக்கு எந்தப் பயனும் இல்லை. தொலைத்தவருக்கு மட்டுமே பயன். அதே மூன்று நாடுகளில் சாவியை எடுத்துவிட்டுக் கொடுத்தபோது, திரும்பி வந்தவை 9 சதவீதப் புள்ளிகள் குறைந்தன. அப்படியானால் மனிதர்களை நகர்த்தியது இரண்டு. ஒன்று, பூட்டிய கதவுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் யாரோ ஒருவரின் உருவம். இன்னொன்று, ‘நான் திருடன் இல்லை’ என்று தன்னைத்தானே நம்பிக்கொள்ளும் தேவை. தொகை கூடக் கூட, வைத்துக்கொள்வது திருட்டுக்கு நெருக்கமாகத் தெரிகிறது. மனம் அதைத் தாங்க மறுக்கிறது.

முகப்பில் உட்கார்ந்திருப்பவர் வேறு, ஆளில்லாத் தெருவில் தனியே நடப்பவர் வேறு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2008இல் வெளியான ஓர் ஆய்வு நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரில் தெருவிலேயே நடந்தது. அஞ்சல் பெட்டியிலிருந்து பாதி வெளியே நீட்டிய உறை. உள்ளே 5 யூரோ நோட்டு தெரிந்தது. பெட்டி சுத்தமாக இருந்தபோது அந்த வழியே போனவர்களில் 13 சதவீதம் பேர் உறையை எடுத்துக்கொண்டார்கள். பெட்டியில் கிறுக்கல் இருந்தபோது 27 சதவீதம். சுற்றிலும் குப்பை கிடந்தபோது 25. யாரும் கவனிக்காத இடம் என்று தெரு சொன்னால், அங்கே யாருடைய பொருளும் இல்லை என்று கை நம்பிவிடுகிறது.

அதற்காக, நேர்மை என்பது ஒவ்வொரு முறையும் மனத்தோடு நடக்கும் போராட்டம் என்று எண்ண வேண்டாம். ஹார்வர்டில் ஜோஷுவா கிரீனும் ஜோசப் பாக்ஸ்டனும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நாணயம் சுண்டினால் பூவா தலையா என்று மனத்துக்குள் கணித்து, சரியாகச் சொன்னதாகச் சொல்பவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். ஏமாற்ற வழி திறந்தே இருந்தது. உண்மையைச் சொல்லிப் பணத்தை விட்டவர்களின் மூளையில், தன்னை அடக்கும் பகுதிகள் கூடுதலாக உழைத்த அறிகுறியே இல்லை. ஏமாற்றியவர்களின் மூளையில்தான் அந்தப் பகுதிகள் உழைத்தன. நேர்மை சிலருக்கு மூச்சுப்போல் ஆகிவிடுகிறது.

ஒரு ரூபாயும் ஒரு மோதிரமும்

மனத்தை விட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1860இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டம் தெருக்காசைப் பற்றிக் கதைபோல உதாரணங்கள் சொன்னது. பொதுச் சாலையில் ஒருவன் ஒரு ரூபாயைக் காண்கிறான், யாருடையது என்று தெரியாது, எடுத்துக்கொள்கிறான். குற்றம் இல்லை. அன்றைய ஒரு ரூபாய் என்பது 11.66 கிராம் எடையுள்ள வெள்ளிக்காசு, அற்பத்தொகை அல்ல. அடுத்து, ஒரு கடிதத்துக்குள் நோட்டு இருக்கிறது, முகவரியைப் பார்த்தால் யாருடையது என்று தெரிகிறது, அப்படியும் வைத்துக்கொள்கிறான். குற்றம். விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்து, உரியவரைத் தேடாமலே உடனே விற்கிறான். அதுவும் குற்றம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவில் இதே உதாரணங்கள் தொடர்கின்றன. தண்டனை 6 மாதம் முதல் 2 ஆண்டுவரை சிறை, அபராதமும் உண்டு. திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு எடுத்துப் பத்திரப்படுத்துவது குற்றமே ஆகாது.

சட்டம் இங்கே கோடு கிழித்தது தொகையை வைத்து அல்ல. உரியவரைக் கண்டுபிடிக்க வழி இருந்ததா, நியாயமான அளவு தேடினாயா, போதிய காலம் காத்திருந்தாயா என்று கேட்கிறது. பர்ஸுக்குள் இருந்த சாவியும் கடிதத்தின் மேல் இருந்த முகவரியும் செய்வது ஒரே வேலை.

நோட்டில் தனி எண் இருக்கிறது. யார் பெயரும் இல்லை. கைமாறிய நொடியில் பழைய கையை மறந்துவிடுவதால்தான் அது பணமாக இருக்க முடிகிறது. என் நூறும் உங்கள் நூறும் ஒன்று என்பதில்தான் சந்தையே நடக்கிறது. அந்த மறதிதான் தெருவில் கிடக்கும் காசை இவ்வளவு சிக்கலாக்குகிறது. மறந்துபோன கையை நாம்தான் தேடி நினைவூட்ட வேண்டும்.

ஜப்பான் அந்தத் தேடலைத் தனிமனிதரின் தலையில் சுமத்தாமல் ஓர் ஏற்பாடாகவே செய்துவைத்திருக்கிறது. தெருமுனைக் காவல் சாவடியில் கொடுத்தால் போதும். 3 மாதம் வரை உரியவர் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கே சொந்தமாகலாம். வந்தால் 5 முதல் 20 சதவீதம்வரை வெகுமதி உண்டு. டோக்கியோவில் மட்டும் ஓர் ஆண்டில் 400 கோடி யென்னுக்கும் மேல் ரொக்கம் இப்படி வந்துசேர்ந்திருக்கிறது. கொடுக்க ஓர் இடம் இருந்தால், கொடுக்கும் மனமும் பழகிக்கொள்கிறது.

சந்தை வாசலுக்குத் திரும்புகிறேன். நோட்டை எடுத்துப் பக்கத்தில் கீரை விற்ற அம்மாவிடம் காட்டினேன். அவர் தொகையைப் பார்க்கவில்லை, மடிப்பைத்தான் பார்த்தார். “இது சுருக்குப்பையிலேருந்து விழுந்தது தம்பி. கொஞ்சம் நில்லுங்க, வருவாங்க” என்றார்.

கால்மணி நேரம் நின்றிருப்பேன். ஓர் அம்மா, வந்த வழியிலேயே தரையைத் தடவுவதுபோலப் பார்த்துக்கொண்டு வந்தார். கீரைக்காரம்மா எதையும் காட்டிக்கொள்ளாமல் கேட்டார்: “என்ன தேடுறீங்க? எப்படி வெச்சிருந்தீங்க?”

அவர் வாயால் பதில் சொல்லவில்லை. வெறும் உள்ளங்கையில் இல்லாத ஒரு நோட்டை விரித்து, பாதியாக மடித்து, மறுபடியும் பாதியாக மடித்துக் காட்டினார்.