பிள்ளை யாரிடம் வளரும்? நீதிமன்றம் விசாரிக்கும் விதம்

கணவன் மனைவி பிரிந்தபின் பிள்ளையைக் கேட்டுத் தொடுக்கும் வழக்கு, பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்தில் நடக்க வேண்டும் என்கிறது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். செஞ்சியை அடுத்த வல்லம் ஒன்றியத்தில் ஆயா வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு, அப்பா சென்னையிலும் அம்மா பெங்களூரிலும் வேலை பார்த்தாலும், விழுப்புரம் மாவட்டத்துக்குரிய நீதிமன்றமே இடம்.

5 வயது நிரம்பாத இந்துக் குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்துச் சிறார் காப்பாளர் சட்டம் சொல்கிறது. ஆனால் அதே சட்டம் பிள்ளையின் நலனை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறது.

அந்த நலன் மனுக்களைப் படித்தால் தெரியாது. இரண்டு மனுவிலும் எதிராளி கெட்டவராகவே இருப்பார். அதனால் மருத்துவர், உளவியலாளர், குடும்ப நலப் பணியாளர் ஆகியோரின் உதவியைப் பெற 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் வழிசெய்கிறது. விசாரிப்பவர் அனுபவசாலியாக இருந்தால் "அப்பாவா, அம்மாவா?" என்று பிள்ளையைத் திணறடிக்க மாட்டார். காலையில் தலை வாரிவிடுவது யார், காய்ச்சல் வந்தால் ராத்திரி பக்கத்தில் இருப்பது யார் என்று கேட்பார். பெற்றோரிடம் வகுப்பு ஆசிரியரின் பெயரைக் கேட்பார். சம்பளச் சீட்டு சொல்லாததை இந்தப் பதில்கள் சொல்லிவிடும். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையிடம் நீதிபதியே தம் அறையில் தனியாகப் பேசுவதும் உண்டு.

பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அழைத்துவருவது பெரும்பாலும் வினையாகவே முடியும். ஒருவர் பிள்ளையின் மனத்தை மற்றவருக்கு எதிராகத் திருப்புவதன் கேட்டை உச்ச நீதிமன்றம் 2017-இல் சுட்டிக்காட்டியது. அதே நீதிமன்றம் 2024-இல், பிள்ளையின் விருப்பத்தையெல்லாம் அவசரப்பட்டு, யாரோ மனத்தைத் திருப்பியதன் விளைவு என்று முத்திரை குத்தக் கூடாது என்றும் எச்சரித்தது. பள்ளி வாசலிலிருந்து பிள்ளையைத் தூக்கிப்போவது இன்னும் மோசம். அது தூக்கியவரின் வழக்கையே கெடுக்கும்.

இப்படி விசாரித்து நிபுணர் தரும் அறிக்கை தீர்ப்பு அல்ல. அதில் பிழை இருந்தால் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். வழக்கு முடியும்வரை பிள்ளையைப் பார்க்க, பேச இடைக்கால உத்தரவு கோரலாம். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சட்ட உதவி இலவசம். தொலைபேசி எண் 15100. குடும்ப நீதிமன்றத்தின் இறுதி உத்தரவை எதிர்த்து 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அந்தக் கெடு கடந்தாலும், சூழ்நிலை மாறினால் உத்தரவை மாற்றக் கேட்டு மனுப் போட முடியும்.