காஜியின் தலாக் சான்றிதழ்

தலாக் சான்றிதழ் என்பது, முஸ்லிம் கணவர் மனைவியை மணவிலக்கு செய்ததாகக் கூறுவதை ஏற்று காஜி வழங்கும் ஆவணமாகும். தமிழ்நாட்டில் இதனை மணவிலக்குத் தீர்ப்பாகவே பலர் கருதி வந்தனர். சட்டத்தின் பார்வையில் இது கருத்துரை மட்டுமே.

சட்டப் பின்னணி

இந்திய முஸ்லிம்களின் திருமணம், மணவிலக்கு, மஹர், ஜீவனாம்சம் முதலியவற்றுக்கு 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் பொருந்தும். காஜிகளை அரசு நியமிக்க வழிசெய்வது 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம். இச்சட்டத்தின் 4ஆம் பிரிவு, காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ இல்லை என்கிறது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

காஜிகள் தலாக் சான்றிதழ் வழங்குவதை எதிர்த்து, முன்னாள் சட்டமன்ற உறுப்பினரும் வழக்கறிஞருமான பதர் சயீத் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். 2017 சனவரியில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி எம். எம். சுந்தரேஷ் அமர்வு இடைக்கால ஆணை பிறப்பித்தது. காஜியின் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே. நீதிமன்ற நடவடிக்கைகளில் செல்லாது என்று அவ்வாணை கூறியது.

பெண் கோரும் மணவிலக்கு 'குலா' எனப்படும். தனியார் ஷரீஅத் கவுன்சில் வழங்கிய குலா சான்றிதழ் ஒன்றை 2023இல் நீதிபதி சி. சரவணன் இரத்து செய்தார். குலா பெறும் உரிமையை அத்தீர்ப்பு மறுக்கவில்லை. அதற்குக் குடும்ப நல நீதிமன்றத்தை நாட வேண்டும் என்றது. கணவர் சொன்ன தலாக்கை மனைவி மறுத்தால், கணவரே நீதிமன்றம் சென்று அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்று 2024இல் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது.

பெண்களின் உரிமைகள்

- ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவ்வாறு சொல்லும் கணவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு.
- கணவர் 2 ஆண்டுகள் பராமரிக்கத் தவறினாலோ, 4 ஆண்டுகள் இருப்பிடம் தெரியாமல் போனாலோ, கொடுமைப்படுத்தினாலோ, 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவி நீதிமன்றத்தில் மணவிலக்கு கோரலாம்.
- மணவிலக்கான பெண்ணும் பொதுச் சட்டத்தின்கீழ் ஜீவனாம்சம் கோரலாம் என 2024 சூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

நடைமுறை

சான்றிதழை நம்பி நீதிமன்றத்தை அணுகாமல் இருக்கும் பெண், ஜீவனாம்சத்தை இழக்க நேரலாம். அதை நம்பி மறுமணம் செய்தால், முதல் திருமணம் முறிந்ததா என்ற கேள்வி பின்னர் எழலாம். ஜீவனாம்ச வழக்கைத் தொடரக் கணவரின் ஊருக்குச் செல்லத் தேவையில்லை. கணவர் வேறு மாவட்டத்தில் இருந்தாலும், அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ வசிக்கும் பெண் தம் பகுதிக்குரிய நீதிமன்றத்திலேயே மனு செய்யலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு, வருமான வரம்பு பாராமல் பெண்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது.

நிக்காஹ் பதிவேட்டுடன், 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி அரசிடமும் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். வழக்கு என்று வரும்போது திருமணத்தை மெய்ப்பிக்க இப்பதிவு உதவும்.