குனியப் பயம் ஏன்?

நாள்பட்ட இடுப்புவலிக்காரர் கீழே கிடக்கும் செருப்பைக்கூடக் காலால்தான் தள்ளுவார். காயம் பெரும்பாலும் எப்போதோ ஆறியிருக்கும். பிறகு ஏன் பயம்? ஒருமுறை குனிந்தபோது பட்ட வலியை மூளை ஆபத்தாகப் பதிந்துகொள்கிறது. மறுபடி குனிய நினைத்ததுமே முதுகுத் தசைகள் இறுகுகின்றன. அந்த இறுக்கமும் வலிக்கிறது, பயம் உறுதிப்படுகிறது. அசையாமலிருக்க இருக்கத் தசை வலுவிழக்கும், மனம் சோரும், வலி கூடும். விளாயன், லிண்டன் என்ற ஆய்வாளர்கள் 2000-இல் இந்தச் சுழலை விரிவாக விளக்கினார்கள்.

மீள்வது எப்படி? குறைவாக அஞ்சும் அசைவில் தொடங்கி, படிப்படியாகக் குனிந்தே பார்ப்பது. அஞ்சியது நடக்காதபோது மூளை புதிதாகக் கற்கிறது. "இனி குனியவே கூடாது" என்று எல்லாரிடமும் சொல்லி அனுப்புவது எனக்குக் கொடுமையாகவே படுகிறது. அந்தச் சொல் வருடக்கணக்கில் ஆளை முடக்கிவிடும். வலியோடு காய்ச்சல், கால் பலவீனம், சிறுநீர் கட்டுப்பாடின்மை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பயிற்சி வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.