சிறுதேர்

இன்றைய தகவல் துளி, குழந்தைகள் இழுத்து விளையாடும் பொம்மை வண்டியைப் பற்றியது.

சிந்துவெளியின் ஹரப்பா, மொகஞ்சதாரோ அகழாய்வுகளில் சுடுமண் பொம்மை வண்டிகள் கிடைத்துள்ளன. அவற்றின் வயது சுமார் 4000 ஆண்டுகள் அல்லது அதற்கும் மேல்.

சங்கத் தமிழரின் பிள்ளைகளுக்கும் இது பிடித்தமான விளையாட்டு. தச்சர் செய்த சிறிய குதிரை வண்டியில் ஏறிச் செல்ல முடியாவிட்டாலும், அதைக் கையால் இழுத்தே மகிழும் சிறுவர்களைக் குறுந்தொகையின் 61ஆம் பாடல் காட்டுகிறது. பட்டினப்பாலையிலோ, காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் காயும் தானியத்தைக் கொத்தவரும் கோழிமீது பொற்குழையை எறிகிறார்கள். அந்தக் குழை, சிறுவர்கள் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரை வழிமறிக்கிறது!

பின்னாளில் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்றுக்குச் சிறுதேர் என்றே பெயரிட்டார்கள். ஒரு விளையாட்டுப் பொருளுக்குத் தமிழ் தந்த பெருமை இது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு மரவண்டி வாங்கிக் கொடுங்கள்.